கொப்பியை மூடிவிட்டுப் படியுங்கள்

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் பொருளியல் படிக்கிறேன், ஆங்கில மொழிமூலம். ஊர் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம்; அம்மா கொழுந்து எடுக்கிறார். இன்னும் மூன்று கிழமையில் இறுதிப் பரீட்சை, ஐந்து பேப்பர். முதல் கிழமை திங்கள் மைக்ரோ, புதன் மெக்ரோ, வியாழன் புள்ளிவிபரவியல். அடுத்த கிழமை செவ்வாய் அபிவிருத்திப் பொருளியல், வெள்ளி பணமும் வங்கியியலும். இரவு மூன்று மணி வரை படிக்கிறேன். காலையில் பாதி ஞாபகம் இல்லை. போன செமஸ்டரில் ஒரு பேப்பரில் கடைசிக் கேள்வியைத் தொடவே நேரம் இருக்கவில்லை. விடை தெரியும், ஆங்கிலத்தில் எழுதக் கை ஓடவில்லை. ஹொஸ்டலில் அறைக்கு நான்கு பேர், ஒரே சத்தம். ஸ்டடி லீவுக்கு வீட்டுக்குப் போனால் லயத்தில் ஒரு காம்பராதான். எங்கே இருந்து, எப்படிப் படிப்பது? அம்மா தினமும் போன் எடுத்து "படிச்சியா?" என்று கேட்கும்போது அழுகை வருகிறது.

பதில்:

தங்கச்சி, "காலையில் பாதி ஞாபகம் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் இருந்தே தொடங்குவோம். எப்படிப் படிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் மூன்று மணி வரை கண் விழிப்பவர்களில் அநேகர் செய்வது ஒன்றுதான்: கொப்பியைத் திறந்துவைத்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டுக்கொண்டு, திரும்பத் திரும்ப வாசிப்பது. மூன்றாம் தடவை வாசிக்கும்போது வரிகள் முகம் பழகிவிடும். முகம் பழகியதை மனம் தெரிந்ததாக எடுத்துக்கொள்ளும். பரீட்சை மண்டபத்தில் அந்த முகம் இருக்காது, வெறும் தாள்தான் இருக்கும்.

2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு தடவை வாசித்தார்கள். இன்னொன்றை ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை வாசித்ததுதான் முன்னுக்கு நின்றது: 81 சதவீதம், மற்றது 75. ஒரு கிழமை கழித்துக் கேட்டபோது வாசித்ததில் 42 சதவீதம் மிஞ்சியிருந்தது, பார்க்காமல் எழுதியதில் 56. திரும்ப வாசிப்பது அந்த இரவுக்கு மட்டும் நன்றாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மலையில் எத்தனை மணித்தியாலம் நின்றாய் என்று கொழுந்து நிறுக்கும் தராசு கேட்காது என்பது உங்கள் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும்.

செய்யவேண்டியது இப்படி. ஒரு தலைப்பை எடுங்கள், மெக்ரோவில் ஐஎஸ்-எல்எம் (பொருள் சந்தையையும் பணச் சந்தையையும் இரண்டு கோடுகளாகக் காட்டும் படம்) என்று வைப்போம். 25 நிமிடம் வாசியுங்கள். கொப்பியை மூடி, மேசையில் இருந்தே எடுத்துவிடுங்கள். வெள்ளைத் தாளில் 15 நிமிடம், ஞாபகத்தில் இருப்பதை எல்லாம் எழுதுங்கள்: படம், அச்சுகளின் பெயர், எந்தக் கோடு ஏன் நகரும் என்று இரண்டு வரி. பிறகு கொப்பியைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்புப் பேனையால் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அடுத்த நாள் சிவப்பில் உள்ளதை மட்டும் மறுபடி பார்க்காமல் எழுதுங்கள். மூன்று நாள் கழித்து ஒரு தடவை, ஒரு கிழமை கழித்து ஒரு தடவை. தாளில் திகதி போட்டு ஒரு கோவையில் வையுங்கள். பரீட்சைக்கு முதல் நாள் நீங்கள் தொடவேண்டியது அந்தக் கோவையைத்தான், 200 பக்கக் கொப்பியை அல்ல.

முதல் இரண்டு நாளும் தாளில் பாதிக்கு மேல் சிவப்பாக இருக்கும். "எனக்கு ஒன்றுமே தெரியாது" என்று பயந்து பலர் இந்த இடத்தில்தான் பழையபடி மஞ்சள் பேனைக்குத் திரும்புகிறார்கள். அந்தச் சிவப்பைப் பரீட்சைக்கு 20 நாள் முன்பே கண்டுகொண்டது லாபம். படங்களில் வழக்கமாக விடும் பிழை, கோடு எந்தப் பக்கம் போகும் என்பதை மட்டும் பாடமாக்குவது. அரசாங்கச் செலவு கூடினால் ஐஎஸ் வலப்பக்கம் நகரும், வருமானமும் வட்டி வீதமும் கூடும் என்பதோடு நிறுத்தாமல், வட்டி ஏன் கூடுகிறது என்று ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்திருக்கவேண்டும். புள்ளிகள் அந்த 'ஏன்' என்ற இடத்தில்தான் கிடக்கின்றன.

பாஸ்ட் பேப்பரும் அப்படித்தான். விடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஆமாம், இது தெரியும்" என்று தலையாட்டிப் போவது பேப்பரை வீணாக்குவது. ஒவ்வொரு பாடத்திலும் கடைசி இரண்டு வருடப் பேப்பரைத் தொடாமல் ஒதுக்கிவையுங்கள். அவை நேரம் வைத்து எழுதிப் பார்ப்பதற்கு. அதற்கு முந்தியவற்றைத் தலைப்பு வாரியாகப் பிரித்து, எது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

குப்பிக்கு, அதாவது மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புக்கு, போகலாமா? போகலாம், கேள்வியோடு போனால். சீனியர் ஒருவர் நான்கு மணி நேரம் பேசுவதைக் கேட்டு எழுதுவது இன்னொரு லெக்சர்தான். மூன்று பேர் சேர்ந்து, ஆளுக்கொரு தலைப்பைக் கொப்பி பார்க்காமல் மற்ற இருவருக்கும் விளங்கப்படுத்துவது நல்ல குப்பி. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பரீட்சைக்கு முதல் நாள் இரவு நடக்கும் குப்பிக்குப் போகவே வேண்டாம். அங்கே யாராவது ஒருவர் நீங்கள் கேள்விப்படாத ஒரு தலைப்பின் பெயரைச் சொல்வார், அதோடு நித்திரை போய்விடும்.

அடுத்தது கால அட்டவணை. 21 நாளை ஐந்தால் வகுத்து, பாடத்துக்கு நான்கு நாள் என்று போட்டிருப்பீர்கள் என்றால் அதைக் கிழித்துவிடுங்கள். உங்கள் பரீட்சைத் திகதிகளுக்கு நடுவே எத்தனை நாள் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். மெக்ரோவுக்கு முன்னால் ஒரு நாள், செவ்வாய். புள்ளிவிபரவியலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. புதன் ஒரு பேப்பர் எழுதிக் களைத்த கையோடு மறுநாள் காலையில் போகவேண்டும். அபிவிருத்திப் பொருளியலுக்கு முன்னால் முழுசாக நான்கு நாள். வங்கியியலுக்கு இரண்டு. ஆகவே இந்த 21 நாளில் புள்ளிவிபரவியலுக்கு ஆறு, மைக்ரோவுக்கு ஐந்து, மெக்ரோவுக்கு நான்கு, அபிவிருத்திக்கும் வங்கியியலுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 19. மிச்சம் இரண்டு நாளை வெறுமையாகவே விடுங்கள். காய்ச்சல் வரும், கரண்ட் போகும், உடுப்புத் துவைக்க வேண்டியிருக்கும். வெறுமை நாள் வைக்காத அட்டவணை முதல் கிழமையிலேயே குழம்பும். குழம்பியதும் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவோம்.

ஆறு நாள் என்றதும் தொடர்ந்து ஆறு நாள் உட்காரவேண்டாம். ஒரு நாள் என்பதை இரண்டு அரை நாளாக வெட்டி, காலையில் ஒரு பாடம், பின்னேரம் இன்னொரு பாடம் என்று மாற்றுங்கள். புள்ளிவிபரவியல் மட்டும் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வரவேண்டும்: நாளுக்கு நான்கு கணக்கு, விடை பார்க்காமல். அதில் புள்ளி போகும் இடங்கள் சின்னவை. ஒருபக்கச் சோதனையா இருபக்கச் சோதனையா என்று கேள்வியில் பார்க்காமல் அட்டவணைக்குப் போவது ஒன்று. 5 சதவீத மட்டத்தில் இசட் பெறுமானம் (முடிவெடுக்கும் எல்லை எண்) இருபக்கத்துக்கு 1.96, ஒருபக்கத்துக்கு 1.645. விடை எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, "ஆகவே சூனியக் கருதுகோளை நிராகரிக்கிறோம்" என்ற கடைசி வரியை எழுதாமல் விடுவது இன்னொன்று.

இப்போது ஆங்கிலம். உங்கள் கடிதத்தில் புள்ளியை நேரடியாகத் தின்றது இதுதான் என்று நினைக்கிறேன். மூன்று மணித்தியாலப் பேப்பரில் நான்கு கேள்விக்கு விடை எழுதவேண்டும் என்று வைப்போம். கையில் இருப்பது 180 நிமிடம். வாசித்துத் தெரிவுசெய்ய 10, கடைசியில் திருத்த 10. மிச்சம் 160, கேள்விக்கு 40. இந்த 40இல் குறிப்புப் போட ஐந்து, படம் வரைய ஐந்து, எழுத 30. நிமிடத்துக்கு 10 சொல் ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு அது 300 சொல். உங்கள் வேகம் என்ன? இன்றே ஒரு கேள்வியை எழுதிச் சொற்களை எண்ணிப் பாருங்கள். 200தான் வருகிறது என்றால், 500 சொல்லில் விடையைப் பாடமாக்கி வைத்துப் பயனில்லை. 200 சொல்லுக்குள் படம், வரைவிலக்கணம், மூன்று காரணம், ஒரு உதாரணம் என்று அடக்கப் பழகவேண்டும்.

தமிழில் யோசிப்பது தவறில்லை. குறிப்பைத் தமிழிலேயே போடுங்கள், அது வேகம். விடைத்தாளில் போட்டால் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிடுங்கள். சிக்கல் தமிழ் வாக்கியத்தை அப்படியே ஆங்கிலத்துக்குத் தூக்கும்போதுதான் வருகிறது. நம்முடைய வாக்கியம் நீண்டு நீண்டு போய்க் கடைசியில் வினையில் போய் முடியும். ஆங்கிலத்தில் அதை நாலாக வெட்டவேண்டும், ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம், 12 முதல் 15 சொல். பாடத்துக்கு 40 கலைச்சொல்லை எடுத்து, எழுத்துப் பிழை இல்லாமல் கையால் எழுதிப் பழகுங்கள். வரைவிலக்கணங்களைச் சொல் மாறாமல் பாடமாக்குங்கள். பாடமாக்குவது இங்கே பொருந்தும். மற்றபடி இலக்கணம் அங்கங்கே தடுக்கினாலும் பொருளியல் விடை விளங்கும். ஆங்கிலம் பிழைத்துவிடுமோ என்று ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை அழித்து எழுதுவதுதான் உங்கள் கடைசிக் கேள்வியைச் சாப்பிட்டிருக்கும்.

கணக்கையும் பாருங்கள். கேள்விக்கு 25 புள்ளி. மூன்று கேள்வியை அருமையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் 18 எடுத்தால் 54. நான்கையும் சுமாராக எழுதி 15, 15 எடுத்தாலே 60. எந்தக் கேள்வியிலும் முதல் 10 புள்ளி சுலபம். கடைசி ஐந்துதான் வியர்வை. 40 நிமிடம் ஆனதும் வாக்கியத்தின் நடுவில் நின்றாலும் சரி, அரைப் பக்கம் வெறுமையாக விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம்.

அபிவிருத்திப் பொருளியலுக்கும் வங்கியியலுக்கும் இன்னொன்று. கோட்பாட்டை எழுதிவிட்டு உதாரணத்துக்கு "சில நாடுகளில்" என்று எழுதுபவர்கள் அதிகம். நம் நாட்டிலேயே கொட்டிக் கிடக்கிறதே. மத்திய வங்கி 1950இல் தொடங்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்துவதை அரசாங்கம் இடைநிறுத்தியது. அதே வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். பிறகு 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம், 2024 நவம்பரில் இருந்து ஒற்றைக் கொள்கை வட்டி வீதம். பாடத்துக்கு இப்படி ஐந்து போதும், ஆனால் ஐந்தும் சரியாக இருக்கவேண்டும்.

நித்திரை விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். படித்தது மூளையில் பதிவது நித்திரையில். உங்கள் வயதுக்கு ஏழு மணித்தியாலம் குறைந்தபட்சம். மூன்று மணிக்குப் படுத்து ஆறுக்கு எழும்புபவர் இரவு 12க்குப் பிறகு படித்ததையும் இழக்கிறார், அடுத்த நாள் காலையையும் இழக்கிறார். பேப்பர் காலை ஒன்பது மணிக்கு என்றால், ஒன்பதில் இருந்து பன்னிரண்டு வரை உங்கள் மூளை உச்சத்தில் இருக்கப் பழகவேண்டும். ஆகவே இன்றிலிருந்தே கடினமான பாடம் அந்த மூன்று மணித்தியாலத்தில். இரவு 11க்கு விளக்கு அணையவேண்டும். மூன்று மணியில் இருந்து 11க்கு ஒரே நாளில் வரமுடியாது. நாளுக்கு 45 நிமிடமாக முன்னுக்குத் தள்ளினால் ஆறு நாளில் வந்துவிடலாம். எழும்பும் நேரத்தை முதல் நாளே 5.30 அல்லது 6 என்று நிலைநிறுத்துங்கள். ஹொஸ்டலில் குளியலறை வரிசைக்கும் அதுதான் வசதி. பகலில் கண் சொருகினால் 20 நிமிடம், அலாரம் வைத்து. ஒரு மணித்தியாலம் படுத்தால் இரவு நித்திரை கெடும்.

தேயிலை நாட்டுப் பிள்ளைக்குத் தேத்தண்ணியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? ஆனாலும் இரண்டு வார்த்தை. அதில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் எடுக்கும். 11க்குப் படுக்க நினைப்பவருக்கு நாலு மணிப் பிளேன்டீதான் கடைசி. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிப்பதையும் விடுங்கள். கீரை, பருப்பில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதைத் தேயிலை தடுக்கும். இரத்தச்சோகை உள்ள பெண்ணுக்கு எவ்வளவு தூங்கினாலும் களைப்புப் போகாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். பரீட்சை காலைக்குப் பாணும் பருப்பும், அல்லது அவித்த கடலை, முட்டை, ஒரு வாழைப்பழம் போதும். கென்டீன் வரிசையை நம்பாமல் முதல் நாளே வாங்கி வையுங்கள். வாங்கியதை டப்பாவில் மூடி, ஜன்னலையும் பூட்டிவிட்டுப் போங்கள். பேராதனைக் குரங்குகளுக்கும் வாழைப்பழம்தான் பிடிக்கும், அவை மேலே கிடக்கும் நோட்ஸையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகும்.

வீடா ஹொஸ்டலா? என் அபிப்பிராயம் ஹொஸ்டல். நூலகமும் சேர்ந்து படிக்க ஆட்களும் இருப்பது அங்கேதான். அறைத் தோழிகள் மூவருக்கும் பரீட்சைதானே; ஒரு நாள் சாயந்தரம் உட்கார்ந்து, 11க்குப் பெரிய விளக்கு அணைப்பது, போன் பேச வராந்தாவுக்குப் போவது என்று இரண்டே இரண்டு விதி பேசிக்கொள்ளுங்கள். ஐந்து விதி போட்டால் ஒன்றும் நிற்காது. காலை வேலையை நூலகத்திலோ வெறுமையாக இருக்கும் விரிவுரை மண்டபத்திலோ வைத்துக்கொண்டு, அறையைத் தூங்குவதற்கும் சின்ன வேலைகளுக்கும் விடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் போகும், சார்ஜ் போடும் விளக்கு ஒன்று வேண்டும்.

வீட்டைப் பார்க்கவேண்டும் போல் இருந்தால், அந்த இரண்டு வெறுமை நாளையும் இந்த மூன்று கிழமையில் முதல் கிழமை முடிவில் எடுத்துப் போய் வாருங்கள். அதற்குப் பிறகு வேண்டாம். அங்கே கொஞ்சம் படிக்க வேண்டுமென்றால் காம்பராவில் முயற்சி செய்யாதீர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறையையோ, பிள்ளை மடுவம் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) மூடிய பிறகு அதன் சாவியையோ கேட்டுப் பாருங்கள். கம்பஸ் பிள்ளை கேட்டால் தோட்டத்தில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். திரும்பி வரும் நாளில் மழையைப் பாருங்கள். கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் ஹட்டன், நாவலப்பிட்டி பஸ் பாதை நிற்கும், ரயிலும் நிற்கலாம். அப்போது பூண்டுலோயா, தவலந்தென்ன வழியாகக் கம்பளைக்கு இறங்கப் பார்க்கவேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடும். உங்கள் பகுதிக்கு மஞ்சள் வந்தாலே அன்றே கிளம்பிவிடுங்கள். செம்மஞ்சளோ சிவப்போ என்றால் பாதையில் இறங்காமல் பீடத்துக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள்.

மண்டபத்து விஷயம் சுருக்கமாக. மாணவர் அடையாள அட்டை, அனுமதி அட்டை, ஒரே நிறத்தில் மூன்று பேனை, கல்குலேட்டர், சாதாரணக் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் முதல் நாள் இரவே ஒரு உறையில் போட்டு வையுங்கள். கல்குலேட்டர் அனுமதிக்கப்பட்ட வகைதானா என்று இப்போதே விசாரியுங்கள். போனை அணைத்து வெளியே பையில் விடுங்கள். பொக்கெட்டில் மறந்து போனதும் குற்றமாகவே எடுக்கப்படும். விடைத்தாளில் உங்கள் பரீட்சைச் சுட்டெண்ணை எழுதிய பிறகே வினாத்தாளைத் திருப்புங்கள். ஒவ்வொரு கேள்வியையும் புதுப் பக்கத்தில் தொடங்குங்கள், எழுதிய கேள்வி இலக்கங்களை முன்பக்கக் கட்டத்தில் போடுங்கள். அன்று காய்ச்சல் என்றால் அறையில் படுத்துக்கொண்டு "பிறகு மெடிக்கல் கொடுக்கலாம்" என்று இருக்காதீர்கள். அன்றைக்கே பல்கலைக்கழக சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அதே நாளில் பீட அலுவலகத்துக்கும் அறிவியுங்கள். ஏற்றுக்கொள்ளப்பட்ட மெடிக்கல் இல்லாமல் வராவிட்டால் அது ரிப்பீட்டாகத்தான் போகும், ரிப்பீட்டில் பெரும்பாலும் சி-க்கு மேல் தரமாட்டார்கள். கால எல்லையும் படிவமும் உங்கள் பீடக் கைநூலில் இருக்கும், இந்தக் கிழமையே பார்த்து வையுங்கள்.

புதன் மெக்ரோ முடிந்து வெளியே வரும்போது, வாசலில் நின்று விடை ஒப்பிடும் கூட்டத்துக்குள் போகாதீர்கள். உங்களுக்கு அடுத்த நாளே புள்ளிவிபரவியல். சாப்பிட்டு, 20 நிமிடம் படுத்து, இரண்டு மணியில் இருந்து ஆறு வரை சிவப்புத் தாள்களும் ஆறு கணக்கும். பத்தரைக்கு நித்திரை.

அம்மாவின் அழைப்பு. அவருக்குத் தெரிந்த ஒரே கேள்வி அதுதான். பரீட்சையைப் பற்றி வேறு எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. நீங்களே நேரத்தைச் சொல்லுங்கள்: "ராவைக்கு ஏழரைக்கு நானே எடுக்கிறேன்ம்மா." பத்து நிமிடம். படித்ததைப் பற்றி நீங்களே முதலில் ஒரு வரி சொல்லிவிடுங்கள், "இன்னைக்கு ரெண்டு பாடம் முடிச்சேன்" என்று. பிறகு வீட்டுக் கதை, தம்பி தங்கை, இன்று எத்தனை கிலோ என்று நீங்கள் கேளுங்கள். அழுகை இந்த மூன்று கிழமைக்கு மட்டும் என்றால் நித்திரை சீரானதும் குறையும். அப்படிக் குறையாமல், சாப்பாடு இறங்காமல், எதற்கும் எழும்ப மனம் வராமல், வாழ்வதே வேண்டாம் என்ற யோசனை வந்தால், பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கவேண்டாம். பீடத்து மாணவர் ஆலோசகரிடம் போங்கள், அல்லது 1926க்கு அழையுங்கள். அது தேசிய மனநல உதவி இலக்கம், தமிழிலேயே பேசலாம், இரவு மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.